உலர்ந்த துளைகள்

கொடைக்கானல்
2 செப்டம்பர் 2024

அழகுமலை ஐயாவுக்கு, தேவசேனா எழுதுவது.

போனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்பதில்லை. உங்கள் மகள் வீட்டில் யாரையாவது நடுவில் நிறுத்திக் கத்திப் பேச எனக்கு இஷ்டமில்லை. அதனால் கடிதம். யாராவது வாசித்துக் காட்டுவார்கள் என்று நம்புகிறேன்.

ஓவியர்களோடு வவ்வால் வரையப் போகும் ஜூன் மாத வாக் முடிந்த மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் பாச்சலூருக்குப் பஸ் ஏறிவிட்டீர்கள். அன்னக்கொடி டீக்கடையில் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனீர்களாம். இரண்டு வருஷமாக நீங்கள்தானே எங்களைக் கூட்டிப்போய், மூன்றாம் வளைவுக் கல்கட்டுச் சுவருக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார வைத்தது? "வவ்வாலப் பாக்காதீங்க, ஓட்டையப் பாருங்க. வவ்வாலு தானா ஒங்க கண்ணுக்குள்ள வரும்" என்று நீங்கள் சொன்னதை மதுரை ஓவியர்கள் இன்னமும் ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரிக்கிறார்கள். முப்பது வருஷம் டிராயிங் டீச்சராக இருந்த நான் இப்படி ஒரு வாக்கியம் சொன்னதில்லை. நான் ஏதாவது தவறாகப் பேசிவிட்டேனா?

ஒரு நல்ல செய்தி. போன ஐப்பசியில் அந்தச் சுவரின் தண்ணீர்த் துளைகள் எல்லாம் குழாய் மாதிரிக் கொட்டியதும், ஒரு வவ்வால்கூட இல்லாமல் எல்லாரும் வெள்ளைத் தாளோடு ஊர் திரும்பியதும் உங்களுக்கு நினைவிருக்கும். சுவரை ஒட்டிய அன்னக்கொடி டீக்கடைக்குள் போய் நான் அழுததையும் பார்த்தீர்கள். இந்த வருஷம் ஆடியிலிருந்து மழை பெய்துகொண்டிருக்கிறது, ஆனால் கீழ் இரண்டு வரிசைத் துளைகளும் உலர்ந்தே இருக்கின்றன. வவ்வால்கள் போகவே இல்லை! அந்தியில் கட்டைவிரல் பருமன் உருவங்கள் ஒவ்வொன்றாக நழுவி விழுந்து பறக்கின்றன. அவற்றின் சத்தத்தைக் கேட்க வைக்கும் பெட்டியை வைத்தால் கடலை வறுப்பது போல இருக்கிறது.

அக்டோபர் 19, சனிக்கிழமை வாக். பன்னிரண்டு பேர் வருகிறார்கள். நீங்கள் வரவேண்டும்.

தேவசேனா


பாச்சலூர்
9 செப்டம்பர் 2024

டீச்சரம்மாவுக்கு அழகுமலை சொல்ல, என் மருமகனின் தங்கை புவனா எழுதுகிறாள். இந்த ஊர்த் தபாலாபீஸில் வேலை பார்க்கிறவள். நான் பேசுவதை அப்படியே எழுதாதே, அச்சுப் புத்தகம் மாதிரி எழுது என்று சொல்லியிருக்கிறேன். எழுதியதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டும் கொள்கிறேன்.

நீங்கள் தவறாக ஒன்றும் பேசவில்லை. முழங்கால் வலி. மகள் தோட்டத்தில் பீன்ஸ் கொடி கட்டுகிற சோலியும் இருந்தது.

என்னால் வர முடியாது. அதோடு ஒரு வார்த்தை. ஐப்பசியில் வாக் வேண்டாம். மாசியில் வையுங்கள், பங்குனியில் வையுங்கள். மழைக்காலத்தில் சுவரடியில் மனிதர்களை உட்கார வைப்பது சரியில்லை. அந்தச் சுவரைக் கட்டியது நாங்கள். எழுபத்தெட்டாம் வருஷம் மாசி ஏழாம் தேதி முதல் கல் வைத்தோம். ரோட்டு வேலைக் கூட்டத்தில் பதினாலு பேர், இன்றைக்கு நான் ஒருவன். பதினெட்டு அடி உயரம். நான்கு வரிசை, வரிசைக்கு ஒன்பது துளை, ஆக முப்பத்தாறு. முந்தின ஐப்பசியில் அந்த வளைவு சரிந்து, மாட்டோடு ஒரு வண்டி உள்ளே போயிருந்தது. அந்த மண்ணைத் தாங்கத்தான் சுவர். பின்னால் பாறை இருக்கிறது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாறை கிடையாது. வெறும் மண்.

சுவருக்கு மேலே ஒரு வாய்க்கால் ஓடும். மலைத் தண்ணீரைச் சுவருக்குப் பின்னால் இறங்கவிடாமல் ஓரமாகக் கொண்டுபோகிற வாய்க்கால். அதில் சருகு அடைக்காமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து எழுதுங்கள்.

அழகுமலை


கொடைக்கானல்
14 செப்டம்பர் 2024

ஐயா,

முழங்கால் வலிக்காரர் பீன்ஸ் கொடி கட்டுகிறாரா? உங்கள் கடிதத்தை அன்னக்கொடியிடம் வாசித்துக் காட்டினேன். "ஐப்பசி ஆவாதாமா? பெருசு எப்பலேருந்து சோசியம் பாக்க ஆரம்பிச்சாரு டீச்சர்?" என்று கேட்டாள்.

பன்னிரண்டு பேரும் லீவு போட்டு டிக்கெட் எடுத்துவிட்டார்கள். மாசிக்கு மாற்ற முடியாது. அதுவுமில்லாமல், மழையில் வவ்வாலை வரைவதுதான் இந்த வாக்கின் அர்த்தமே. வெயில்காலப் படம் எல்லாரிடமும் இருக்கிறது.

வாய்க்காலைக் கேட்டீர்களே, இப்போது சருகு அடைக்க வாய்ப்பே இல்லை. மேலே முருகானந்தம் என்று ஒருவர் காட்டேஜ் கட்டியிருக்கிறார். ஜூலையில் வாய்க்காலை மண் போட்டு நிரப்பி, மேலே ஸ்லாப் வைத்து, கார் நிறுத்த டைல்ஸ் ஒட்டிவிட்டார். வாய்க்கால் இருந்த இடமே தெரியவில்லை.

போன ஞாயிறு வரைந்த சுவர்ப் படம் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். பார்த்தாலாவது உங்களுக்கு வர ஆசை வரட்டும்.

தேவசேனா


பாச்சலூர்
20 செப்டம்பர் 2024

டீச்சரம்மா,

எனக்கு எழுத்துத் தெரியாது. படம் தெரியும். உங்கள் கடிதத்தைப் புவனா வாசிக்கும் முன்பே படத்தைப் பார்த்துவிட்டேன்.

போன வருஷம் ஐப்பசி நாலாம் நாள், குடையை அன்னக்கொடி பிடிக்க நீங்கள் இதே சுவரை ஒரு படம் போட்டீர்கள். அதில் ஒவ்வொரு துளைக்குக் கீழேயும் ஈரக் கோடு இழுத்திருந்தீர்கள், சுண்ணாம்பு வழிந்த மாதிரி. மூன்றாம் வரிசையில் ஐந்தாம் துளைக்கு மட்டும் கோடு இரண்டாகப் பிரிந்து போகும். இந்தப் படத்தில் கீழ் இரண்டு வரிசையில் கோடே இல்லை. அழகுக்காக விட்டுவிட்டீர்களா? இல்லை, தண்ணீரே இல்லையா?

எங்கள் கூட்டத்தில் அந்தத் துளைக்கு ஒரு பேர் உண்டு, பெண்பிள்ளைக்கு எழுதக் கூடாது. சுவர் ஒன்றுக்குப் போகிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புவனா சிரிக்கிறாள். சிரிக்கிற விஷயமில்லை. மழையில் அது போகவில்லை என்றால் சுவர் வீங்கும்.

வாக்கை நிறுத்துங்கள். ஏன் என்று கேட்பீர்கள். சொல்ல வாயைத் திறந்தால் எழுதுகிறவள் காதில் விழுந்துதான் உங்களுக்கு வரவேண்டும். இவள் வீட்டில்தான் என் மகள் வாழ்கிறாள். நான் கட்டிய சுவர்களைப் பற்றித்தான் இந்த வீட்டில் பெருமையாகப் பேசுவார்கள். அதனால் நானே ஒரு படம் போட்டிருக்கிறேன். காலண்டர் தாளின் பின்பக்கம், அடுப்புக்கரி. புவனாவுக்கும் காட்டாமல் மடித்து, சோற்றுப் பசை போட்டு ஒட்டிவிட்டேன். நீங்கள் படம் படித்தவர். பார்த்தால் புரிந்துகொள்வீர்கள்.

அழகுமலை


கொடைக்கானல்
27 செப்டம்பர் 2024

அன்புள்ள ஐயா,

படம் கிடைத்தது. சந்தோஷத்தில் எனக்குக் கை ஓடவில்லை. எழுபத்தாறு வயதில் முதல் படம்! முப்பத்தாறு துளைகளும் ஒன்றுகூடத் தப்பவில்லை. அதில் பதினொன்றை மட்டும் கரியால் நிரப்பியிருக்கிறீர்கள். அன்றே அந்தியில் போய் உட்கார்ந்து சரிபார்த்தேன். வவ்வால்கள் வருவது சரியாக அதே பதினோரு துளைகளிலிருந்து! அங்கே இருந்துகொண்டு இங்கே எதில் குடியிருக்கிறது என்று எப்படித்தான் சொன்னீர்களோ.

அந்தப் படத்தையே அழைப்பிதழில் அச்சடித்துவிட்டேன். ஸ்டூல்களையும் இந்த முறை எதிரே போடாமல், உங்கள் கறுப்புத் துளைகளுக்கு நேர் கீழே, சுவரடியிலேயே போடப்போகிறேன். தலைக்கு மேல் பறக்கும்.

ஈரக் கோட்டை நான் விடவில்லை ஐயா. இல்லாததால் போடவில்லை. நீங்கள் கவலைப்பட்டதால் ரோடு இன்ஜினியர் ஒருவரை நிறுத்திக் கேட்டேன். ஜீப்பிலிருந்தே பார்த்துவிட்டு, "சொட்டுக் கசிவில்லையே மேடம், இத மாதிரி சுவர் இப்ப யார் கட்டுறா?" என்றார். அதாவது உங்களைப் பாராட்டினார்.

அன்னக்கொடி கடைக் கதவுதான் இந்த வாரம் மூட மாட்டேன் என்கிறது, நிலை சுவரோடு இடிக்கிறது. அவள் வாயைக் கேட்க வேண்டுமே: "மழைக்கு மரம் ஊதிருக்குன்னு நெனச்சேன் டீச்சர். பாத்தா சொவருல்ல முட்டிக்கிட்டு நிக்கிது, ஆறு மாசப் புள்ளத்தாச்சி கணக்கா!" கடையில் எல்லாரும் சிரித்தோம்.

வந்துவிடுங்கள்.

தேவசேனா


பாச்சலூர்
4 அக்டோபர் 2024

டீச்சரம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதும் முன் புவனாவைத் தபாலாபீஸ் கதவைச் சாத்தச் சொன்னேன். நான்கு நாளாகக் கரண்ட் இல்லை, டவர் இல்லை. இருந்திருந்தால் இவளைப் போனில் பேசச் சொல்லியிருப்பேன்.

அந்தப் பதினோரு துளையையும் அடைத்தவன் நான்.

புவனா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "மாமா, இதையும் எழுதவா?" என்றாள். எழுது என்றேன். "அண்ணனுக்குத் தெரிஞ்சா என்ன நெனைக்கும்?" என்றாள். "ஒங்கண்ணன் நெனைக்கிறதப் பெறகு பாத்துக்கலாம். மொதல்ல டீச்சருக்குத் தெரியணும், எழுது வெரசா" என்றேன். எழுதுகிறாள்.

போன மாசி பதினொன்று, வெள்ளிக்கிழமை. நீங்கள் மதுரைக்குப் போயிருந்தீர்கள். களிமண்ணைப் பிசைந்து, கிழிந்த சாக்கில் உருட்டி, கடப்பாறை முனையால் ஒரு முழத்துக்கு உள்ளே தள்ளி இறுக்கினேன். வாசல் பக்கம் ஒரு முழம் காலியாக விட்டேன், வவ்வால் தங்க. வெளியிலிருந்து பார்த்தால் எவனுக்கும் தெரியாது. நீங்கள் டீக்கடையில் அழுததிலிருந்து என் மனசில் அது கிடந்தது. படித்தவர்கள் பன்னிரண்டு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் கிடந்தது. நாற்பது வருஷம் ரோட்டில் கல் சுமந்தேன், ஒருத்தர் நின்று கேட்டதில்லை. அடுத்த ஐப்பசியிலும் அவர்கள் வரவேண்டும் என்று நினைத்தேன். மேலே வாய்க்கால் இருக்கிறது, பதினோரு துளை போனாலும் சுவர் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். என் கணக்கு தப்பில்லை. வாய்க்காலுக்கு மேல் ஒருவன் கார் நிறுத்துவான் என்பது அந்தக் கணக்கில் இல்லை. கீழ் இரண்டு வரிசையில் நான் விட்டுவைத்த ஏழு துளையையும் அவன் நிரப்பிய மண் இறங்கி அடைத்திருக்கும்.

ஜூனில் முதல் மழை விழுந்ததுமே அடைப்பை எடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். வாக் முடிந்த மறுநாள் வெள்ளனே கடப்பாறையோடு போனேன். முதல் துளையில் கையை விட்டேன். உள்ளே குட்டிகள். முடி முளைக்காத, சூடான குட்டிகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. கடப்பாறையை விட்டால் அத்தனையும் நசுங்கும். நீங்கள் வந்து கேட்டால் என்ன சொல்வேன்? கையை எடுத்துவிட்டேன். அன்னக்கொடி டீ கொடுத்தாள், இறங்கவில்லை. பஸ் ஏறிவிட்டேன். அதுதான் நான் ஓடிவந்த காரணம். முழங்கால் இல்லை.

படத்தில் நான் கறுப்பாக்கியது வவ்வால் இருக்கிற துளையை இல்லை அம்மா. அடைத்த துளையை. நீங்கள் அதை அழைப்பிதழில் போட்டு, அதற்கு நேர் கீழே ஸ்டூலும் போடுகிறேன் என்று எழுதியதைப் புவனா வாசித்தபோது, நிறுத்து என்று கத்தினேனாம். எனக்கு நினைவில்லை. எனக்கு நினைவில்லாத ஒரே விஷயம் அதுதான்.

இப்போது செய்ய வேண்டியது. யாரும் துளையில் கை வைக்கக் கூடாது. அடைப்பைப் பிடுங்கினால் தண்ணீர் மண்ணையும் இழுத்துக்கொண்டு வரும், பிடுங்குகிறவன் முதலில் போவான். மேலே ஸ்லாப்பைத் தூக்கி வாய்க்காலைத் திறக்க வேண்டும். அதற்கும் முன்னால் அன்னக்கொடியை அங்கிருந்து கிளப்புங்கள். சுவர் முட்டிக்கொண்டு நிற்கிறது என்று அவள் சொன்னது சிரிப்பு இல்லை.

அழகுமலை


கொடைக்கானல்
14 அக்டோபர் 2024

ஐயா,

தாண்டிக்குடிப் பக்கம் ரோட்டில் மரம் விழுந்து தபால் நின்றுபோனதாம். உங்கள் நாலாம் தேதிக் கடிதம் இன்று மத்தியானம்தான் வந்தது. ஆனால் சனிக்கிழமையே எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்று கீழ் வரிசை இரண்டாம் துளையிலிருந்து செம்மண் தண்ணீர் நூலாக வழிந்தது. நல்ல நிறம். தூரிகையைத் தொட்டு வரையலாம் என்று கிண்ணத்தைக் காட்டினேன். கிண்ணத்தில் ஒரு களிமண் கட்டி விழுந்தது. அதில் ஒரு சாக்கு நூல். சுவருக்குள் சாக்கு எப்படி வந்தது என்று யோசித்துக்கொண்டே நிமிர்ந்தேன், அன்னக்கொடி கடையில் ஒட்டியிருந்த அழைப்பிதழ் கண்ணில் பட்டது. உங்கள் பதினோரு கறுப்புப் புள்ளிகள். கிண்ணத்தைப் போட்டுவிட்டேன். நீங்கள் சொல்ல வந்ததை இரண்டு வாரமாக ஊருக்கெல்லாம் அழகு என்று காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வாக்கை ரத்து செய்துவிட்டேன். முருகானந்தத்திடம் போனேன். தீபாவளிக்குக் காட்டேஜ் புக் ஆகிவிட்டது, அதுவரை டைல்ஸில் கைவைக்க முடியாது, எழுத்தில் கொண்டுவாருங்கள் என்றார். எழுத்தில் கொடுத்தேன். ரோட்டுக்காரர்கள் வந்து ஒரு கயிறு கட்டி, 'அபாயம்' என்று பலகை வைத்தார்கள். மழை விட்ட பிறகு பார்ப்பார்களாம்.

அன்னக்கொடி மட்டும் அசையவில்லை. "கட்டுன ஆளு என்னயக் கெளம்பச் சொல்லலியே? அவரு சொல்லட்டும், போறேன்" என்றாள். இன்று உங்கள் கடிதம் வந்ததும் கடைக்குப் போய் எல்லார் முன்னாலும் உரக்க வாசித்தேன். உங்களிடம் கேட்காமல் வாசித்ததற்கு நான் வருத்தப்படவில்லை.

அவள் வடிகட்டியைக் கையில் வைத்துக்கொண்டே முழுதும் கேட்டாள். குட்டிகள் இருந்த இடம் வந்தபோது, "வவ்வாக்குட்டிக்கு எரங்குன மனசு, எம்புள்ளைக அதுக்குக் கீழ படுத்துக் கெடக்குன்னு ஒரு வார்த்த சொல்லலியே டீச்சர்" என்றாள். பிறகு அடுப்பை அணைத்தாள். பாத்திரங்களை எடுத்துக்கொண்டு, இரண்டு பிள்ளைகளோடு வில்பட்டியில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது சொன்னாள்: "அந்தாளு இருக்குற எடத்துல இனிமே நான் காலு வைக்க மாட்டேன். அவரு ஒரு வாசல்ல நின்னா நான் அந்தத் தெருவுக்கே போவ மாட்டேன். இது எம்புள்ளைக மேல சத்தியம்."

எனக்கும் உங்கள் மேல் கோபம் இருக்கிறது. அதில் எவ்வளவு என் மேல் என்று பிரிக்கத் தெரியவில்லை. ஐப்பசியில் வவ்வால் வேண்டும் என்று அடம்பிடித்தது நான்தான்.

தேவசேனா


பாச்சலூர்
18 அக்டோபர் 2024

டீச்சரம்மா,

நீங்கள் வாசித்தது சரி. அன்னக்கொடி கேட்டதும் சரி. அவள் பெரியவன் பிறந்த வாரம் கடைக்கு ஓலை மாற்றிக் கொடுத்தவன் நான். அவன் பேர் வைத்த நாள்கூட எனக்குத் தெரியும். தெரிந்துதான் அடைத்தேன்.

மருமகன் சாப்பாட்டுத் தட்டை எனக்கு எதிரே வைத்துக்கொள்வதில்லை. புவனா எழுதத் தயங்குகிறாள். எழுது, இது வீட்டு விஷயம், ஆனால் டீச்சரிடம் மறைக்க இனிமேல் என்ன இருக்கிறது?

கேட்க வேண்டியது ஒன்றுதான். செம்மண் தண்ணீர் இன்னும் வருகிறதா, நின்றுவிட்டதா? வருவதுகூடப் பரவாயில்லை. நின்றுவிட்டால் எழுதுங்கள். தபாலில் போடாதீர்கள், பாச்சலூர் பஸ் கண்டக்டர் நல்லுசாமியிடம் கொடுங்கள், அன்றைக்கே வந்துவிடும்.

அழகுமலை


கொடைக்கானல்
25 அக்டோபர் 2024

ஐயா,

நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒரு சொட்டு இல்லை. திங்களோடு வவ்வால்களும் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் நின்றேன். கடலை வறுபடும் சத்தம் இல்லை. ஒரு வவ்வால் துளை வரைக்கும் வந்து, உள்ளே போகாமல் திரும்பிப் போனது.

ஆனால் சுவர் நின்றுகொண்டிருக்கிறது. அதுதான் இப்போது என் கஷ்டம். நான்கு நாளாக வெயில் வேறு அடிக்கிறது. முதல் வாரம் எல்லாரும் சுற்றிப் போனார்கள். இந்த வாரம் அபாயக் கயிற்றில் யாரோ துணி காயப்போட்டிருக்கிறார்கள். ஆட்டோக்காரர்கள் கயிற்றைத் தூக்கிவிட்டு நுழைகிறார்கள். "என்ன டீச்சர், பெருசோட சொவரு எப்பத்தான் விழும்? நாள் குறிச்சுச் சொன்னா மேளத்துக்குச் சொல்லலாம்ல" என்று கேட்கிறார்கள். இன்ஜினியரும் அடித்துச் சொல்கிறார், ஒரு கிழவர் பதினோரு உருண்டை களிமண்ணால் ஒரு சுவரைத் தள்ள முடியாது என்று.

அன்னக்கொடி திரும்பி வரப்போகிறாள். தங்கை புருஷன் வீட்டில் அவளுக்கு முகம் கொடுக்கவில்லையாம். முப்பத்தொன்றாம் தேதி தீபாவளி. அந்த ஒரு வாரக் கூட்டத்தை விட்டால் அவளுக்கு வருஷம் ஓடாது. நேற்று வில்பட்டிக்குப் போய்க் கெஞ்சினேன். "சொவரு அப்படியேதான நிக்கிது? திங்கக்கெழம கடையத் தொறக்குறேன். புள்ளைகளுக்கு லீவுதான், கூட நின்னு கிளாஸ் கழுவும்" என்கிறாள். வானிலையில் ஞாயிறு முதல் கனமழை என்று சொல்கிறார்கள், காட்டினேன். "போன வாரமுந்தான் சொன்னாங்க" என்றாள்.

உங்கள் பேச்சை எடுத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நீங்கள் இருக்கிற இடத்தில் கால் வைக்க மாட்டேன் என்ற சத்தியம் மட்டும் அப்படியே இருக்கிறது, சுவர் மேலிருந்த பயம்தான் போய்விட்டது. அவளிடம் உங்களுக்காக நான் பேசிப் பார்க்கிறேன். மன்னிப்புக் கேட்டு, மனசு இளகினால், நீங்கள் சொல்வதைக் கேட்டாலும் கேட்பாள். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. வாசலில் போய்ப் படுத்து மறிக்க முடியுமா?

தேவசேனா


பாச்சலூர்
26 அக்டோபர் 2024

டீச்சரம்மாவுக்கு,

இதை நல்லுசாமி உங்கள் கையிலேயே கொடுப்பான்.

தண்ணீர் நின்றது என்றால் காய்ந்தது என்று அர்த்தமில்லை. உள்ளே மண் இறங்கி வழியை மூடிவிட்டது. இனி வெளியே ஒன்றும் தெரியாது. வெயில் அடிக்கிற நாளில் அது நிற்கும். அடுத்த மழையில் எத்தனை நாழிகை நிற்கும் என்று எழுபத்தெட்டில் எங்களோடு கல் வைத்த மேஸ்திரி எழுந்து வந்தாலும் சொல்ல முடியாது. நான் நாள் குறிக்க மாட்டேன்.

நீங்கள் கேட்டீர்களே, வாசலில் படுத்து மறிக்க முடியுமா என்று. உங்களால் முடியாது. உங்களைத் தாண்டிப் போவாள். என்னைத் தாண்ட மாட்டாள். பிள்ளைகள் மேல் சத்தியம் செய்திருக்கிறாள்.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். பெருமாள்மலையில் இறங்கி வேறு பஸ் பிடித்தால் மத்தியானத்துக்குள் மூன்றாம் வளைவு. அவள் கடை வாசல் பெஞ்சில் உட்காருவேன். நான் இருக்கிற தெருவுக்கு அவள் வர மாட்டாள். அவள் வராமல் கடை திறக்காது, கடை திறக்காமல் அங்கே ஆள் நிற்காது. வாய்க்காலைத் திறக்கிற வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். முருகானந்தத்தை நீங்கள் விடாதீர்கள். சோறு கொண்டுவருகிறேன் என்று யாரும் கயிற்றைத் தாண்டி வரக் கூடாது, நீங்களும். எதிர்ப்பக்கத்தில் வைத்துவிட்டுக் கூப்பிடுங்கள், காது கேட்காது, கையைக் காட்டுங்கள், வந்து எடுத்துக்கொள்வேன்.

புவனா எழுத மாட்டேன் என்கிறாள். "மாமா, அந்தச் சொவத்துக்கு அடியில போயா?" என்று அழுகிறாள். எழுதி முடி, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லியிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. எனக்காக அன்னக்கொடியிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்கக் கூடாது. என்னைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்றுகூடச் சொல்லக் கூடாது. நான் வயசானவன், மழையில் உட்கார்ந்திருக்கிறேன் என்று யாராவது சொல்லி அவள் மனசு இளகிவிட்டால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நேரே அந்த வாசலுக்கு வந்துவிடுவாள். அவள் கோபம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அழகுமலை